தம்பி, இதிலை எதை அமத்துறது?

திறந்த மூல மென்பொருள் ஒன்றின் களஞ்சியப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். முதலில் கண்ணில் படுவது கோப்புகளின் பட்டியல். ஒவ்வொன்றுக்கும் எதிரே யாரோ எப்போதோ எழுதிய மாற்றக் குறிப்பு. மேலே கிளைகள், குறிச்சொற்கள், ஒரு பச்சைப் பொத்தான். நிரல் எழுதுகிறவருக்கு இவ்வளவும் ஒரே பார்வையில் விளங்கிவிடும். ஆனால் தமிழ் விசைப்பலகை, எழுத்துரு மாற்றி, சொற்பிழை திருத்தி போன்றவற்றுக்குப் பல வேளைகளில் அந்தப் பக்கம் ஒன்றுதான் முகவரி. வாட்ஸ்அப் குழுவில் இணைப்பு சுற்றி வருகிறது. கோயில் மலர் தொகுக்கும் அன்ரி ஒருவர் அதைத் திறக்கிறார். பிறகு எனக்கு ஃபோன் எடுத்துக் கேட்கிறார்: “தம்பி, இதிலை எதை அமத்துறது?”

தெற்கு லண்டனில் நாங்கள் சிலர் சேர்ந்து சின்னதொரு எழுத்துரு மாற்றியைப் பராமரிக்கிறோம். பாமினியில் தட்டச்சு செய்ததை யூனிகோடுக்கு மாற்றும் கருவி அது. அண்மையில் அதன் களஞ்சியப் பக்கத்தை அடியிலிருந்து திருத்தி அமைத்தோம். என்ன செய்தோம், ஏன் செய்தோம் என்பதை இங்கே விரிவாக எழுதுகிறேன். தமிழுக்காக நிரல் எழுதும் யாருக்காவது பயன்படும் என்ற நம்பிக்கை எனக்கு உண்டு.

பாமினியில் கிடக்கும் எங்கள் எழுத்து

முதலில் கருவியைப் பற்றி. பாமினி என்பது ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்த பழைய எழுத்துரு. அந்த எழுத்துரு உங்கள் கணினியில் இருந்தால் தமிழ் தெரியும். இல்லாவிட்டால் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் குழம்பிக் கிடக்கும். தமிழ் எழுத்துகள் 1991இலேயே யூனிகோடுக்குள் வந்துவிட்டன. விண்டோஸ் 2000 வந்தபோது லதா எழுத்துருவும் கூடவே வந்தது. ஆனாலும் புலம்பெயர்ந்த ஈழத்தமிழர் நடுவில் பாமினி எளிதில் விடைபெறவில்லை. கோயில் திருவிழாத் துண்டுப்பிரசுரம், தமிழ்ப் பள்ளிக்கூட ஆண்டு மலர், கலியாண அழைப்பிதழ், 31ஆம் நாள் நினைவு மலர் என்று எத்தனையோ அதில்தான் எழுதப்பட்டன. அவை பழைய கணினிகளிலும் பென்டிரைவ்களிலும் கிடக்கின்றன. இன்றைக்கு அவற்றில் ஒரு பெயரைத் தேடினால் கிடைக்காது. ஃபோனில் அனுப்பினால் வாசிக்க முடியாது.

மாற்றுவது சுலபம் என்று தோன்றும். ஓர் அட்டவணை வைத்து இந்த எழுத்துக்கு அந்த எழுத்து என்று மாற்றினால் போதுமே? போதாது. பாமினியில் ‘கௌ’ என்று அடிக்கும்போது கொம்பு, ககரம், பிறகு ளகரத்தின் அதே வடிவம் என்ற வரிசையில் விழும். ‘கெள’ என்று அடித்தாலும் அதே வரிசைதான். எது ஔகார உயிர்மெய், எது எகரத்துக்குப் பின்னால் வரும் ளகரம் என்பதை மாற்றி ஊகிக்க வேண்டும். ளகரத்துக்குப் பின்னால் புள்ளியோ உயிர்க்குறியோ வந்தால் அது மெய்யான ளகரம். ‘வெள்ளி’, ‘தெளிவு’ போன்றவை அப்படித் தப்பிவிடும். வேறெதுவும் வராவிட்டால் ஔகாரம் என்று எடுத்துக்கொள்ளலாம். ஆனால் நாடகப் பிரதியில் பேச்சு வழக்காக ‘வெளக்கு’ என்று ஒருவர் எழுதியிருந்தால் இந்த விதி உடைந்துவிடும். விதியே இல்லாத மாற்றியில் ‘கௌரி’ என்ற பெயர் ‘கெளரி’ ஆகிவிடும். திரையில் இரண்டும் ஏறக்குறைய ஒரே மாதிரித்தான் தெரியும். தேடும்போதுதான் பெண்ணின் பெயர் காணாமல் போயிருப்பது தெரியவரும்.

கோயில் பெயர்களில் வரும் ‘ஸ்ரீ’ இன்னொரு சிக்கல். ‘ஶ’ என்ற எழுத்து 2005இல் யூனிகோடில் தனியாகச் சேர்ந்தது. அதன் பிறகு ஸகரத்தை வைத்தும் ஶகரத்தை வைத்தும் இந்த எழுத்தை உருவாக்க முடிகிறது. பல எழுத்துருக்களில் கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. கணினிக்கு இரண்டும் வேறு வேறு.

இந்தப் பிழைகளை யார் பிடிக்கிறார்கள்? நிரலைச் சோதிக்கும் நாங்கள் பத்துப் பதினைந்து சொற்களை ஓடவிட்டுப் பார்த்துவிட்டுத் திருப்தி அடைகிறோம். முழு மலரையும் மாற்றி, வரிவரியாக மெய்ப்புப் பார்த்து, “இஞ்சை ஒரு பேர் பிழைச்சுப்போச்சு” என்று சொல்கிறவர் அந்த அன்ரிதான். அவருக்கு இலக்கணம் தெரியும், பெயர்கள் தெரியும், எந்தச் சொல் எந்த ஊர் வழக்கு என்றும் தெரியும். எங்கள் கருவிக்கு அவரைவிட நல்ல சோதனையாளர் கிடைக்கமாட்டார். அப்படிப்பட்டவர் பக்கத்தின் வாசலிலேயே திரும்பிப் போய்விடுகிறார் என்றால் கருவி ஒருபோதும் திருந்தாது. பக்கத்தைத் திருத்தி அமைக்க நாங்கள் இறங்கியதற்கு இதுதான் முதற்காரணம். சாதாரணப் பயனருக்கு வழி திறப்பதை நாங்கள் உபகாரமாக எண்ணவில்லை. அவர் உள்ளே வராமல் தமிழ் மென்பொருள் முழுமை பெறாது.

தரவிறக்கம் என்ற பழைய தகராறு

நிரலாளரையும் பயனரையும் ஒரே பக்கத்தில் வைத்துக்கொள்ளப் பெரிய தளங்களே திணறியிருக்கின்றன. 1999இல் தொடங்கிய சோர்ஸ்ஃபோர்ஜ் பயனரைக் கவனித்தது. பெரிய பச்சைத் தரவிறக்கப் பொத்தான் அங்கே உண்டு. ஆனால் பயனர் கூட்டமாக வரும் இடத்தில் விளம்பரமும் வந்தது. 2013இல் நிறுவிகளோடு வேறு மென்பொருள்களையும் சேர்த்துக் கட்டிக் கொடுக்கும் திட்டத்தை அது கொண்டுவந்தது. அதே ஆண்டு கிம்ப் என்ற படம் திருத்தும் மென்பொருளின் குழு அங்கிருந்து வெளியேறியது. 2016இல் தளம் கைமாறிய பிறகு புதிய உரிமையாளர்கள் அந்தத் திட்டத்தை நிறுத்தினார்கள். ஆனாலும் ‘டவுன்லோட்’ என்ற பொத்தானைக் கண்டால் சந்தேகப்படும் பழக்கம் பலருக்கு அந்த நாட்களில்தான் வந்தது.

2008இல் வந்த கிட்ஹப் நிரலாளரைப் பிடித்துக்கொண்டது. நிறுவிக் கோப்புகளைப் பதிவேற்ற அங்கே ஒரு வசதி இருந்தது. 2012 டிசம்பரில் அதை நிறுத்தினார்கள். 2013 ஜூலையில் ‘ரிலீசஸ்’ என்ற பெயரில் புதிய வடிவத்தில் கொண்டுவந்தார்கள். இடைப்பட்ட மாதங்களில் புதிய நிறுவி ஒன்றை அங்கே வைக்க நேரான வழி இல்லை. கூகுள் கோடும் புதிய தரவிறக்கங்களை வைக்கும் வசதியை 2014 ஜனவரியில் மூடியது. 2016 ஜனவரியில் அந்தத் தளமே மூடப்பட்டது. மூலநிரலை வேறிடத்துக்கு நகர்த்த நிரலாளருக்குத் தெரியும். பழைய இணைப்பைக் கையில் வைத்திருந்த பயனருக்கு எங்கே போவது என்று தெரியாது.

இன்றும் கிட்ஹப் பக்கத்தில் கண்ணைப் பறிப்பது ‘கோட்’ என்ற பச்சைப் பொத்தான். அதை அமத்தினால் ‘டவுன்லோட் ஜிப்’ என்று வரும். நியாயமாகப் பார்த்தால் யாரும் அதைத்தான் எடுப்பார்கள். வருவது மூலநிரல் மட்டும். நிறுவி இருக்கும் இடம் ‘ரிலீசஸ்’. 2020 நடுப்பகுதியில் வந்த புதிய வடிவமைப்பில் அது வலப்பக்கத்துப் பத்திக்குப் போனது. ஃபோனில் வலப்பக்கம் என்று ஒன்று இல்லாததால் நீளமான விளக்கவுரைக்குக் கீழே போய்விடுகிறது. அங்கேயும் நாம் வைத்த நிறுவியோடு ‘சோர்ஸ் கோட்’ என்ற இரண்டு பொதிகள் தாமாகவே வந்து சேர்ந்துகொள்ளும். பதிப்பு வெளியிடுகிறவருக்கு அவை தேவை. மலர் தொகுக்கிறவருக்கு அவை பொறி.

வழி காட்டியவர்கள்

பின்பற்றத் தக்க முன்மாதிரிகள் இருக்கின்றன. நாங்கள் மூன்றை வைத்துக்கொண்டோம்.

முதலாவது எஃப்-டிராய்ட். ஆண்ட்ராய்டுக்கான கட்டற்ற மென்பொருள் களஞ்சியம். கியரன் குல்ட்னீக்ஸ் 2010இல் தொடங்கினார். ஆரம்பத்தில் இங்கிலாந்தில் இலாப நோக்கற்ற நிறுவனமாகப் பதிவானது. அங்கே ஒரு செயலியின் பக்கத்தைப் பாருங்கள். பெயர், ஒரே வரியில் விளக்கம், திரைப்பிடிப்புகள், பிறகு விரிவான விளக்கம். அதற்கும் கீழே பதிப்புகள், அனுமதிகள், மூலநிரல் இணைப்பு, பிழை தெரிவிக்கும் இணைப்பு. விளம்பரம் உண்டா, பின்தொடர்கிறதா என்பதையும் ‘எதிர்க்கூறுகள்’ என்று வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறார்கள். பயனர் மேலே நின்றுவிடலாம், நிரலாளர் கீழே இறங்கலாம். யாருக்கும் எதுவும் மறைக்கப்படவில்லை.

இரண்டாவது கீமேன் என்ற விசைப்பலகை மென்பொருள். மார்க் டர்டின் 1993இல் லாவோ மொழிக்காகத் தொடங்கியது. 2015இல் எஸ்ஐஎல் அமைப்பின் கைக்குப் போய்ப் பின்னர் திறந்த மூலமானது. நம்மில் பலர் முதன்முதலாகத் தமிழ் அடித்த எ-கலப்பையின் தொடக்கப் பதிப்புகள் கீமேன் இயந்திரத்தின் மேல்தான் ஓடின. கீமேன் தளத்தில் விசைப்பலகையின் பெயர் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, மொழியின் பெயரை இட்டுத் தேடலாம். உங்கள் கருவிக்கு ஏற்ற தரவிறக்கம் முன்னால் வரும். அதே விசைப்பலகையின் மூலநிரல் கிட்ஹப்பில் ஒழுங்காக அடுக்கப்பட்டிருக்கிறது. பயனர் அந்தப் பக்கம் போகவே தேவையில்லை. போக விரும்பினால் இணைப்பு இருக்கிறது.

மூன்றாவது இங்கே லண்டனிலேயே பிறந்தது. பிரித்தானிய அரசின் தகவல் தளமான கோவ்.யுகே 2012 அக்டோபர் 17 அன்று தொடங்கியது. அடுத்த ஆண்டே டிசைன் மியூசியத்தின் ஆண்டுச் சிறந்த வடிவமைப்புக்கான பரிசைப் பெற்றது. அதன் மொழிநடைக் குறிப்பு 9 வயதுப் பிள்ளையின் வாசிப்புத் திறனுக்கு எழுதச் சொல்கிறது. வரி கட்டுவதற்கும் பாஸ்போட் எடுப்பதற்கும் அந்த எளிமை போதுமென்றால், எழுத்துரு மாற்றி ஒன்றுக்குக் கடினமான விளக்கம் எதற்கு? அவர்களுடைய வடிவமைப்புக் கூறுகளின் நிரல் கிட்ஹப்பில் திறந்து கிடக்கிறது. அதைப் பயன்படுத்துவது எப்படி என்ற விளக்கத்துக்கு 2018இலிருந்து தனித் தளம் இருக்கிறது.

நாங்கள் செய்தது

பக்கத்தின் முதல் வரியைத் தமிழில் எழுதினோம். ‘பாமினியில் உள்ள உங்கள் எழுத்தை ஃபோனிலும் வாசிக்கக்கூடிய தமிழாக மாற்றும்.’ அவ்வளவுதான். குறியாக்கம் என்ற சொல் அதில் இல்லை. எஃப்-டிராய்டில் ஒருவரி விளக்கத்துக்கு 80 எழுத்துக் குறிகள்தான் எல்லை. தமிழில் ‘கி’ என்பது கணினிக்கு இரண்டு குறி, ‘ஸ்ரீ’ நான்கு. ஆகவே நமக்குக் கிடைக்கும் இடம் இன்னும் குறைவு. அந்த எல்லைக்குள் எழுதிப் பார்ப்பது நல்ல பயிற்சி. சொல்ல வேண்டியது எது என்பது தானாகத் துலங்கும்.

இரண்டாவதாகத் தரவிறக்கம். கோப்பின் பின்னொட்டை எழுதாமல் ‘விண்டோஸ் கணினிக்கு’, ‘ஆண்ட்ராய்ட் ஃபோனுக்கு’, ‘நிறுவாமல் இணையத்திலேயே மாற்ற’ என்று எழுதினோம். ஒவ்வொன்றும் கடைசிப் பதிப்பின் கோப்புக்கே நேராகப் போகும். மூன்றாவதை முக்கியமாகச் சேர்த்தோம். வீட்டில் கணினி இல்லாதவர்கள் நூலகத்துக்குத்தான் போகிறார்கள். பொதுக் கணினியில் எதையும் நிறுவ முடியாது. இணைய வடிவத்தில் உலாவிக்குள்ளேயே மாற்றம் நடந்து முடிந்துவிடும், எழுத்து எங்கேயும் அனுப்பப்படாது. நினைவு மலரில் குடும்பத்து விபரங்கள் இருக்கும். ஆகவே எழுத்து வெளியே போகாது என்பதையும் பொத்தானுக்குப் பக்கத்திலேயே எழுதி வைத்தோம்.

மூன்றாவதாக நம்பிக்கை. அதிகம் பேர் எடுக்காத, கையொப்பமிடாத நிறுவியைத் திறந்தால் விண்டோஸ் எச்சரிக்கும். அந்த எச்சரிக்கை எப்படி இருக்கும், ஏன் வருகிறது என்பதைப் படத்தோடு முன்கூட்டியே சொன்னோம். இந்த முகவரியிலிருந்து எடுத்தால் மட்டுமே தொடருங்கள், வேறெங்கிருந்தாவது வந்திருந்தால் நிறுத்திவிடுங்கள் என்றும் எழுதினோம். எச்சரிக்கையைக் கண்ணை மூடிக்கொண்டு தாண்டச் சொல்லும் பக்கம் தன் பயனரை நாளைக்கு மோசடிக்காரரிடம் பழக்கிக் கொடுக்கிறது. அந்தப் பாவத்தை நாம் செய்யக் கூடாது. நிரலாளருக்காகச் சரிபார்ப்புக் குறியீட்டையும் அதே இடத்தில் கொடுத்தோம்.

நான்காவது, மொழி. இதில்தான் நீண்ட நேரம் கதைத்தோம். பயனருக்குத் தமிழ், நிரலாளருக்கு ஆங்கிலம் என்று பிரித்துவிடலாம் என்பதுதான் முதலில் வந்த யோசனை. லண்டனில் அந்தக் கணக்குச் சரிவராது. இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகளில் நல்ல நிரலாளர்கள் இருக்கிறார்கள். அம்மாவோடு தமிழில் கதைப்பார்கள், நீண்ட கட்டுரையைத் தமிழில் வாசிக்கத் தடுமாறுவார்கள். அவர்களில் ஒருவர் அம்மம்மாவின் கடிதங்களை மாற்ற வரும்போது அவரும் பயனர்தான். மறுபக்கம், யாழ்ப்பாணத்திலும் மதுரையிலும் இருந்து நிரல் எழுதுகிறவர்கள் தமிழில் விளக்கம் இருந்தால் மகிழ்ச்சியோடு வாசிப்பார்கள். ஆகவே இரண்டு மொழியிலும் இரண்டையும் முழுமையாக எழுதினோம். விளக்கவுரையின் தலைப்பில் மொழி மாற்றும் இணைப்பு இருக்கிறது.

ஐந்தாவது, பிழை சொல்லும் வழி. கிட்ஹப்பில் ஒரு பிழையைப் பதிய வேண்டுமானால் கணக்குத் திறக்க வேண்டும், அதுவும் ஆங்கில முகப்பில். மெய்ப்புப் பார்க்கிறவரிடம் அதைக் கேட்பது நியாயமில்லை. எனவே மூன்றே கேள்விகள் உள்ள தமிழ்ப் படிவம் ஒன்றை வைத்தோம்: நீங்கள் இட்டது என்ன, வந்தது என்ன, வந்திருக்க வேண்டியது என்ன? அதை எங்களில் ஒருவர் பிழைப் பட்டியலில் பதிந்து, திருத்தம் முடிந்ததும் அவருக்கே எழுதிச் சொல்கிறார். அந்த மூன்று விடைகளும் எந்த மாற்றமும் இல்லாமல் நேராக ஒரு சோதனை வரியாகிவிடுகின்றன. நிரலாளர் கேட்கும் துல்லியமான பிழை அறிக்கை என்பதும் அதுதானே?

இவ்வளவும் செய்தபோது நிரலாளரின் பகுதியைக் குறைக்கவில்லை. கட்டமைக்கும் முறை, சோதனைகளை ஓட்டும் கட்டளை, உரிமம், பங்களிப்பு விதிகள், முதன்முறை வருகிறவர் எடுத்துக்கொள்ளக்கூடிய சிறு வேலைகள் என்று எல்லாம் முன்பைவிட ஒழுங்காகி இருக்கின்றன. ஔகாரச் சிக்கலும் ஸ்ரீயின் சிக்கலும் உதாரணங்களோடு தனிக் கோப்பில் உள்ளன. கீழே ஒரு திரை தள்ளிப் போவது நிரலாளருக்குச் சிரமமில்லை. எங்கே தேடுவதென்று அவருக்குத் தெரியும். தெரியாதவருக்கே முதல் இடம் என்பதுதான் நாங்கள் எல்லா முடிவுகளுக்கும் வைத்துக்கொண்ட அளவுகோல்.

நூலகத்தில் இருந்து பார்த்தோம்

ஸ்ட்ரெதம் ஹை ரோட்டில் டேட் நூலகம் இருக்கிறது. சர்க்கரை வியாபாரத்தில் செல்வந்தரான ஹென்றி டேட் ஸ்ட்ரெதமில் வாழ்ந்தவர். அவர் கொடுத்த பணத்தில் 1891இல் திறந்த கட்டிடம் அது. யாரும் காசில்லாமல் உள்ளே வந்து வாசிக்கலாம் என்பதற்காகக் கட்டப்பட்ட இடத்தில் எங்கள் பக்கத்தைச் சோதிப்பது பொருத்தமாகப் பட்டது. சோதித்துப் பார்க்கச் சிலரை அழைத்தோம். டூட்டிங்கிலிருந்து 57ஆம் இலக்க பஸ்ஸில் வந்தவர்களும் உண்டு. ஆளுக்கொரு பழைய கோப்பு, எங்கள் பக்கத்தின் முகவரி. “இதை மாத்திக் காட்டுங்கோ” என்பதைத் தவிர நாங்கள் ஒன்றும் சொல்லக் கூடாது.

ஐந்து பேரோடு சோதித்தாலே பெரும்பாலான குறைகள் தெரிந்துவிடும் என்று பயன்பாட்டு ஆய்வாளர் ஜேக்கப் நீல்சன் 2000இல் எழுதியது அந்தத் துறையில் எல்லோருக்கும் தெரிந்த கருத்து. அதைக் கண்முன்னால் கண்டோம். ‘பதிப்பு’ என்ற சொல்லைப் பார்த்தவர்கள் புத்தகப் பதிப்பு என்று நினைத்தார்கள். ‘கடைசியாகத் திருத்திய நாள்’ என்று மாற்றினோம். மாற்றிய எழுத்தை எப்படி எடுத்துக்கொண்டு போவது என்று ஒருவர் கேட்டார். நகலெடுக்கும் பொத்தானைப் பெரிதாக்கினோம். எழுத்துரு கணினியில் இல்லாததால் தன் கோப்பே உடைந்துவிட்டது என்று ஒரு ஐயா பயந்துவிட்டார். குழம்பிய எழுத்தையும் மாறிய தமிழையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டும் ஒரு படம் வைத்து, ‘உங்கள் கோப்பு இப்படித் தெரிந்தால் பயப்பட வேண்டாம்’ என்று எழுதினோம். இவற்றில் ஒன்றையும் மேசையில் இருந்து யோசித்து நாங்கள் கண்டுபிடித்திருக்க முடியாது.

உங்களிடம் ஒரு வேண்டுகோள்

தமிழுக்காக இலவசமாக உழைக்கிறவர்கள் பலர். இரவில், வேலை முடிந்து, பிள்ளைகள் படுத்த பிறகு எழுதிய நிரல்கள் அவை. அந்த உழைப்பு தேவையானவரின் கைக்குப் போய்ச் சேர இன்னும் ஓர் அடிதான் மீதி. உங்கள் களஞ்சியப் பக்கத்தை ஃபோனில் திறந்து, உங்கள் வீட்டிலோ அயலிலோ உள்ள ஒரு பெரியவரிடம் கொடுங்கள். வாயைத் திறக்காமல் பக்கத்தில் இருங்கள். பிறகு மூன்றே காரியம்: முதல் வரியைத் தமிழில் எழுதுங்கள், நிறுவிக்கு நேரான இணைப்பை அதற்குக் கீழே வையுங்கள், கணக்குத் திறக்காமல் பிழை சொல்ல ஒரு வழி கொடுங்கள். இதற்கு வடிவமைப்பாளரும் வேண்டாம், பணமும் வேண்டாம்.

இன்னொன்றும் செய்யலாம். பங்களித்தோர் பட்டியலில் நிரல் எழுதியவர்களின் பெயர் மட்டும் இருப்பது வழக்கம். பிழை கண்டு சொன்னவர்களையும், சோதித்துப் பார்த்தவர்களையும், விளக்கத்தைத் திருத்திக் கொடுத்தவர்களையும் அவர்களின் சம்மதத்தோடு அதே பட்டியலில் சேருங்கள். ‘உதவியவர்கள்’ என்று கீழே தனியாகப் போடாதீர்கள். ‘கௌரி’ என்ற பெயர் சரியாக வருவதற்கு நிரல் எழுதியவரும் காரணம், அது பிழைத்திருப்பதைக் கண்டவரும் காரணம். இருவரின் பெயரும் ஒரே வரிசையில் நிற்கட்டும்.